‘பை’ தீபாவளி: சிவகாசி முன்னுருபியலுக்கு ஒரு பாயிரம்

பாயிரம் இல்லாமல் நூல் செய்யக் கூடாது என்பது மரபு. நூல் செய்ய நேரமில்லாதவன் பாயிரத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்பதைப் பற்றி மரபு வாய் திறக்கவில்லை. அந்த இடைவெளியில் நுழைந்து எழுதப்படுவது இக்கட்டுரை.

ஆய்வுப் பொருள்: ஆங்கிலத்தில் தேதிக்கு முன்னால் காவலாளி மாதிரி நிற்கும் பை, ஆன், இன், டில், ஃபிரம் முதலிய குட்டிச் சொற்களும், அவற்றுக்குப் பின்னால் வரும் வினைமுற்றுகளும். ஆய்வுக் களம்: கிழக்கே சாத்தூர்க் காராசேவு, மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, வடக்கே விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா என்று மூன்று பக்கமும் தின்பண்டங்களை எல்லையாகக் கொண்ட சிவகாசி வட்டாரம். ஆய்வாளர் தகுதி: காலண்டர் அச்சகம் ஒன்றில் வெளியூர் ஆர்டர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதிய அனுபவம். அச்சகத்தின் பெயர் ஆய்வு அறம் கருதி மறைக்கப்படுகிறது. அதன் உரிமையாளர் இக்கட்டுரை முழுக்க ‘அண்ணாச்சி’ என்றே குறிக்கப்படுவார். ஊரில் பாதிப் பேர் அண்ணாச்சிகள் என்பதால் அடையாளம் வெளிப்படும் ஆபத்து இல்லை.

இந்த ஆய்வுக்கு ஏன் சிவகாசி என்று கேட்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் தேதியைச் சுவரில் பார்க்கிறார்கள். சிவகாசிக்காரர்கள் அதை மொத்த விலைக்கு விற்கிறார்கள். நாட்டின் கடைச் சுவர்களிலும் பூஜை அறைகளிலும் தொங்கும் காலண்டர்களில் பெரும்பங்கு இங்கே அச்சாகி, தகரம் அடிக்கப்பட்டு, கட்டுக் கட்டாக லாரி ஏறுகிறது. ஆடிப்பெருக்கு அன்று புதிய காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவது ஊர் வழக்கம். அந்த நாளிலிருந்து இந்த ஊர் அடுத்த வருஷத்தில் வாழத் தொடங்கிவிடுகிறது. செப்டம்பரில் அச்சகத்துக்குள் நின்று “இந்த வருஷம் பொங்கல் என்ன கிழமை?” என்று கேட்டுப் பாருங்கள். கழிந்துபோன பொங்கலைச் சொல்ல மாட்டார்கள், வரப்போகிற பொங்கலைச் சொல்வார்கள். பட்டாசுக்காரர்களுக்கோ தீபாவளி கழிந்ததும் கொஞ்ச நாள் விடுப்பு, பிறகு அடுத்த தீபாவளிக்கான வேலை. ஆக, இங்கே காலம் ஊரைவிடச் சற்று முன்னால் நடந்து போகிறது. இலக்கணம்தான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது.

முதலில் வேர்ச்சொல் ஆராய்ச்சி. ‘இன்’ என்பது நம் ஐந்தாம் வேற்றுமை உருபு. ‘ஆன்’ என்பது மூன்றாம் வேற்றுமை உருபு. நன்னூலைத் திறந்தால் ஆல், ஆன், ஒடு, ஓடு என்று அணிவகுத்து நிற்பதைக் காணலாம். ‘பை’ என்பது மஞ்சள் பை. எனவே ஆங்கிலம் தமிழிலிருந்து பிறந்தது என்ற முடிவுக்கு வர இன்னும் ஒரு பத்தி போதும். ஆனால் அந்தப் பத்தியை எழுதக் காத்திருக்கும் அறிஞர்கள் ஏராளம் என்பதால் அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். நம் தேவைக்கு ஒன்று போதும். தமிழன் தேதியை முதலில் சொல்லிவிட்டு உருபைப் பின்னால் ஒட்டுகிறான். ஆங்கிலேயன் உருபை முதலில் நீட்டிவிட்டு அப்புறம்தான் தேதியைக் காட்டுகிறான். “திங்கட்கிழமை...” என்று சொல்லிவிட்டுத் தமிழன் ஒரு வாய் டீ குடிக்கலாம். எதிராளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘க்குள்ள’ போடலாமா, ‘க்கு மேல’ போடலாமா, ‘வாக்கில’ போட்டுத் தப்பிக்கலாமா என்று முடிவு செய்யலாம். வாய் திறக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டிய மொழியில் வியாபாரம் எப்படி நடக்கிறது என்பது எனக்கு இன்றுவரை வியப்பு.

விருதுநகர் வட்டார வியாபாரத்தின் முதுகெலும்பு, ஒரே எழுத்தாலான நான்காம் வேற்றுமை உருபு: ‘கு’. பத்து மணிக்கு, நாளைக்கு, வெள்ளிக்கிழமைக்கு, தீபாவளிக்கு. ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘அட்’, இரண்டாவதற்கு ஒன்றுமே கிடையாது, மூன்றாவதற்கு ‘ஆன்’ அல்லது ‘பை’, நான்காவதற்கு ‘ஃபார்’, ‘அட்’, ‘ஆன்’, ‘பை’ எல்லாமே சந்தர்ப்பப்படி. நான்கு பேர் செய்யும் வேலையை ஒற்றை ஆளாகச் செய்துவிட்டு அலட்டிக்கொள்ளாமல் நிற்கிறது ‘கு’. “வெள்ளிக்கிழமைக்குச் சரக்கு வேணும்” என்றால் வெள்ளி அன்று வேண்டுமா, வெள்ளிக்குள் வேண்டுமா, வெள்ளியன்று நடக்கும் ஏதோ ஒன்றுக்காக வேண்டுமா? கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். இருவருக்கும் தெரிந்ததை எழுத்தில் போட வேண்டிய கட்டாயம் வரும்போதுதான் இந்த ஆய்வுக்கு இடம் பிறக்கிறது.

ஒரு முறை டெல்லிப் பக்கத்து மொத்த வியாபாரி ஒருவர் கடிதம் அனுப்பியிருந்தார். தீபாவளிக்குக் கடை வாடிக்கையாளர்களுக்குப் பரிசாகக் கொடுக்க காலண்டர் வேண்டும், ‘பை தீபாவளி’ வந்துவிட வேண்டும் என்றார். ‘தீபாவளிக்கு’ என்று மொழிபெயர்த்து ஆர்டர் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். பிழை என்று சொல்ல முடியாது. அண்ணாச்சி அதைப் படித்துத் ‘தீபாவளி சமயத்துக்கு’ என்று எடுத்துக்கொண்டார். மெஷின் ஃபோர்மன் அதைக் கேட்டுத் ‘தீபாவளி கழிச்சு’ என்று முடித்துவிட்டார். ஒவ்வொரு கை மாறும்போதும் உருபு ஒரு சுற்று பெருத்தது. நடுவில் இரண்டு நாள் மழை வேறு. மை காய வேண்டாமா? சரக்கு போய்ச் சேர்ந்த தேதியை இங்கே வெளியிடுவது இரு தரப்பு உறவுக்கும் நல்லதல்ல.

ஆனால் ‘பை’ விஷயத்தில் எங்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. பை தீபாவளி என்றால் யாருடைய தீபாவளி? நமக்குத் தீபாவளி நரக சதுர்த்தசி விடியற்காலை: எண்ணெய் தேய்த்துக் குளித்து, இருட்டோடு இருட்டாக ஒரு சரவெடி. வடக்கே அமாவாசை மாலை: லட்சுமி பூஜை முடித்துத்தான் வாணவேடிக்கை. சில வருஷங்களில் இரண்டும் ஒரே தேதியில் விழும், பல வருஷங்களில் நாம் ஒரு நாள் முந்திக்கொள்வோம். 2018-இல் தமிழ்நாட்டில் நவம்பர் 6, டெல்லியில் நவம்பர் 7. அந்தக் கடிதத்தில் ‘பை’ என்ற இரண்டெழுத்து எந்தத் தீபாவளியின் வாசலில் காவல் நின்றது என்று யார் சொல்வது? கடிதம் எழுதியவர் தம் தீபாவளியை நினைத்தார், படித்தவர் தம் தீபாவளியை நினைத்தார்.

அதே 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தீபாவளியன்று இரவு 8 மணி ‘ஃபிரம்’ 10 மணி ‘டில்’ மட்டும் வெடிக்கலாம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்றால் இரவு 11.55 ஃபிரம் 12.30 டில். முன்னுருபு வல்லுநர்கள் இந்த வாக்கியத்தில் ஒரு குறையும் காண முடியாது. ஃபிரமுக்கு டில் ஜோடி. பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணம். குறை எங்கே என்றால், எட்டு டில் பத்து என்ற அந்தச் சட்டகத்துக்குள் எண்ணெய்க் குளியலுக்கு இடமில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு நரகாசுரனைக் கொன்றுவிட்டு, இரவு எட்டு மணிவரை வெடிக்காமல் காத்திருப்பது எந்தப் புராணத்திலும் இல்லை. தமிழ்நாடு முறையிட்டது. ஒரு வாரத்தில், தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது நீதிமன்றம். மாநில அரசு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அந்த இரண்டு மணி நேரத்தை அப்பளம் மாதிரி இரண்டாக உடைத்துக் கொடுத்தது. ஃபிரம்மும் டில்லும் ஆளுக்கு இரண்டு முறை வேலை பார்த்த அபூர்வ அரசாணை அது.

அதற்கும் முந்தைய வருஷம் ‘ஃபிரம்’ இதைவிடப் பெரிய காரியம் செய்தது. டெல்லி வட்டாரத்தில் பட்டாசு விற்பனைக்கு இருந்த தடையை 2017 செப்டம்பர் 12-இல் நீதிமன்றம் தளர்த்தியது. சிவகாசி பெருமூச்சு விட்டது. அக்டோபர் 9-இல் இன்னோர் உத்தரவு: அந்தத் தளர்வு செல்லும், ஆனால் நவம்பர் 1 ‘ஃபிரம்’தான் செல்லும். வடக்கே அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 19. அனுமதி இருக்கிறது, சரக்கு இருக்கிறது, தீபாவளியும் இருக்கிறது. மூன்றுக்கும் நடுவில் ஒரு முன்னுருபு நிற்கிறது. டெல்லியின் காற்றுக்கு வேண்டிய காரணங்கள் அந்த உத்தரவில் இருந்தன, அவற்றோடு நமக்குச் சண்டையில்லை. இலக்கண மாணவனாக மட்டும் ஒன்று சொல்கிறேன்: ஒரு குட்டிச் சொல் இத்தனை குடோன்களைப் பூட்டியதாக வேறு எந்த மொழி வரலாற்றிலும் நான் படித்ததில்லை.

‘ஃபிரம்’ என்றால் அந்த முதல் நாளும் சேர்த்தியா, இல்லையா? ‘டில் 20’ என்றால் 20 உள்ளேயா, வெளியேயா? இதை டீக்கடையில் விசாரித்தபோது கடைக்காரர் ஒரு பக்கமும் லாரி புக்கிங் கிளார்க் மறு பக்கமும் நின்றார்கள். இருவரும் தெளிவாக இருந்தார்கள், வெவ்வேறு தெளிவில். ஆச்சரியம் என்னவென்றால் இந்த வழக்கை இந்தியச் சட்டம் 1897-லேயே தீர்த்துவைத்திருக்கிறது. பொது உட்பிரிவுகள் சட்டம் என்று ஒன்று உண்டு; அதன் 9-ஆவது பிரிவு, நாட்களின் வரிசையில் முதல் நாளை விலக்க ‘ஃபிரம்’ என்று எழுதினால் போதும், கடைசி நாளைச் சேர்க்க ‘டு’ என்று எழுதினால் போதும் என்கிறது. உலகத்தில் உருபுக்குச் சட்டம் போட்ட இனங்களில் நாமும் ஒன்று என்று பெருமைப்படலாம். ஆனால் அது மத்தியச் சட்டங்களைப் படிப்பதற்கான விதி. லாரி புக்கிங் கிளார்க்கைக் கட்டாது. அவர் அதைத்தான் உடனே சுட்டிக்காட்டினார்.

இந்த வட்டாரம் ‘டில்’, ‘ஃபிரம்’ தொல்லையை ஓர் இடத்தில் மட்டும் முழுமையாக வென்றிருக்கிறது. அந்த இடம் கல்யாணப் பத்திரிகை. “காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்” என்ற வரியைப் பாருங்கள். ‘மேல்’ ஒரு கதவைத் திறக்கிறது, ‘உள்’ ஒரு கதவைச் சாத்துகிறது. நடுவில் மாப்பிள்ளை தப்பிக்க வழியில்லை. இத்தனை துல்லியமான வரியை ஆங்கிலப் பக்கத்தில் அடிக்கும்போது என்ன ஆகிறது? ‘பிட்வீன்’ 9.00 ‘டு’ 10.30. பிட்வீனுக்கு ஜோடி ‘அண்ட்’. ‘டு’ என்பது ஃபிரமின் மனைவி. ஒருவர் மனைவியை இன்னொருவர் பக்கத்தில் நிறுத்தி, அதையும் கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடித்து, மேலே பிள்ளையார் சுழியும் போட்டு அனுப்புகிறோம். இதைத் திருத்தப் போய் நான் ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெண் வீட்டார் ஒருவர் புரூஃபைத் திருப்பிக்கொண்டு வந்தார். “போன பத்திரிகையில ‘டு’ன்னுதானே இருந்துச்சு? மூத்தவ கல்யாணம் அதுல நல்லபடியா முடிஞ்சது. அதையே போடுங்க தம்பி.” ராசியான உருபு என்று ஒன்று உண்டு என அன்று கற்றேன். தொல்காப்பியருக்கு இது எட்டவில்லை.

இனி தேதியை நகர்த்தும் வினைச்சொற்கள். ‘போஸ்ட்போன்’ எல்லோருக்கும் தெரியும், எங்கள் வட்டாரத்தில் அதற்கு மழை என்றும் ஒரு பெயர் உண்டு. வானம் கறுத்தால் பட்டாசு ஆலையில் வேலை நிற்கும், மருந்து காயாது. வறண்ட வானத்தை நம்பித்தான் இந்தத் தொழிலே இங்கே ஊன்றியது. ஆனால் தீபாவளி வடகிழக்குப் பருவமழையின் வாசலிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதிர்ப்பதம் ‘பிரிப்போன்’. இது இந்தியர்கள் கண்டுபிடித்த சொல் என்று ஆங்கிலம் படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டியதில்லை. 1913-இலேயே நியூயார்க் டைம்ஸ் இதழுக்குக் கடிதம் எழுதிய ஒரு வாசகர், அவசர யுகத்தில் வக்கீல்களுக்குப் பயன்படட்டும் என்று இச்சொல்லை முன்மொழிந்திருக்கிறார். அமெரிக்காவில் விலைபோகாத சரக்கு, இந்தியாவில் ஓடுகிறது. வியாபாரத்தில் இது சகஜம்.

பிரிப்போன் கொச்சை என்று கருதிய ஒரு பெங்களூர் வாடிக்கையாளர் அதன் இடத்தில் ‘அட்வான்ஸ்’ என்ற சொல்லைப் போட்டு எழுதினார். டெலிவரியை இரண்டு வாரம் அட்வான்ஸ் செய்யும்படி வேண்டுகோள். ஆங்கில இலக்கணப்படி அப்பழுக்கில்லாத வாக்கியம். ஆனால் சிவகாசியில் அட்வான்ஸ் என்றால் துட்டு. வேறு பொருள் கிடையாது. அட்வான்ஸ் வாங்காமல் பேப்பர் வராது, பேப்பர் வராமல் பிளேட் போடமாட்டார்கள். கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. “நல்ல மனுசன் தம்பி. கேக்காமயே அட்வான்ஸ் தாரேங்காரு. நன்றி சொல்லி எழுது.” எழுதினேன். பெங்களூரில் அந்த நன்றிக் கடிதத்தை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு ஆதாரம் ஏதும் கிடைக்கவில்லை.

வினைமுற்றுக்கு வருவோம். இந்த ஆய்வின் கனமான பகுதி இதுதான். வெளியூர்க்காரர்கள் சிவகாசியின் மேல் வைக்கும் ஒரே புகார்: “அனுப்பிட்டோம்னு சொன்னீங்க, அனுப்பலையே?” அனுப்பிட்டோம் என்பதை நான் ஆங்கிலத்தில் ‘ஹேஸ் பீன் டிஸ்பேச்சட்’ என்று எழுதுவேன். எழுதும் நேரத்தில் சரக்கு மெஷினுக்குள் ஒரு பக்கம் மட்டும் அச்சாகி இருக்கும். ஆங்கிலத்தில் அது பொய். தமிழில் அது வழு அமைதி.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், காலம் மாறி வரலாம் என்று நான்கு காரணங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு. தொல்காப்பியரும் விரைவைப் பொறுத்து முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார்: வராத காலத்தை வந்ததாகச் சொல்லலாம். சாப்பிட்டுக்கொண்டே “சாப்ட்டாச்சு, இந்தா வந்துட்டேன்” என்று குரல் கொடுப்பவன் பொய்யன் அல்லன், இலக்கணம் அறிந்தவன். சிவகாசி ஸ்டேஷனில் பொதிகை எக்ஸ்பிரஸ் கண்ணுக்குத் தெரியும் முன்பே “வண்டி வந்துருச்சு” என்று பெட்டியைத் தூக்குகிறார்களே, அதை யாராவது மறுத்ததுண்டா? மிகுதிக்கு உரைகாரர்கள் தரும் உதாரணம், கள்ளர் மலிந்த காட்டுக்குள் போனால் துணி பறிபோயிற்று என்பது. இதை எங்கள் ஊரில் சில லாரி ஆபீஸ்களைப் பற்றிச் சொல்வார்கள், பெயர் வேண்டாம். தெளிவுக்குத் தரும் உதாரணம் இன்னும் அழகு: எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் மழை பெய்தது என்பது. உரைகாரர் சிவகாசியில் மருந்து காயப்போட்டிருந்தவராக இருக்க வேண்டும் என்பது என் துணிபு. எறும்பைப் பார்த்ததும் தார்ப்பாயைத் தேடுகிறவனுக்குத்தான் மழை அப்போதே பெய்துவிட்டிருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். வியாபாரத்தில் காலத்தைப் புரட்டுவது நாகரிகமா என்பார்கள். புரட்டாத மொழி எது? ஆங்கிலத்தில் கால அட்டவணை என்று வந்தால் நாளை நடப்பதை நிகழ்காலத்தில்தான் எழுத வேண்டும்: ரயில் நாளைக் காலை ஆறு மணிக்குப் ‘புறப்படுகிறது’, கூட்டம் திங்களன்று ‘இருக்கிறது’. எதிர்காலத்துக்கு நிகழ்காலத்தைக் கடன் கொடுத்தால் அது மரபு. நாம் கொஞ்சம் தாராளமாக இறந்தகாலத்தையே கொடுத்தால் மோசடியா? கொடுப்பது என்று ஆனபின் கணக்குப் பார்ப்பதில்லை என்பது இந்தச் சீமையின் குணம்.

சிக்கல், நான்கு காரணங்களில் ‘அனுப்பிட்டோம்’ எதில் சேரும் என்பதில் இருக்கிறது. நான் விரைவு என்று கருதுகிறேன். அச்சகத்தில் இருந்த பைண்டிங் மேஸ்திரி தெளிவு என்றார்: எப்படியும் போகத்தானே போகிறது? கணக்கு எழுதுகிறவர் இயல்பு என்றார். அவர் கசந்துபோனவர். காலண்டரைப் பொறுத்தவரை விவாதத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். விற்காத பட்டாசு கார்த்திகைக்கு ஆகும், கோயில் திருவிழாவுக்கு ஆகும். ஜனவரி பிறந்தபின் போய்ச் சேரும் காலண்டர் ஒவ்வொரு நாளும் ஒரு தாள் இளைக்கும். அதனால் டிசம்பர் கடைசியில் மட்டும் அச்சகத்தில் இறந்தகாலம் உண்மையாகவே இறந்தகாலமாக இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு டின் அடிக்கும் சத்தம் கேட்கும்.

எல்லா உருபுகளுக்கும் அப்பால் நிற்கும் ஒரு வினைமுற்றையும் இந்த மாவட்டம்தான் நாட்டுக்குத் தந்தது. விருதுநகரில் 1903-இல் பிறந்த காமராஜர், கோரிக்கையோடு வந்தவர்களிடம் “ஆகட்டும், பார்க்கலாம்” என்பார். இதற்கு முன்னால் பை போட முடியாது, பின்னால் உள் போட முடியாது. ஆங்கிலத்தில் பெயர்த்தால் தட்டிக்கழிப்பது போல ஒலிக்கும். ஆனால் அவர் ஆட்சியில் திறந்த பள்ளிக்கூடங்களை நினைத்துப் பார்த்தால், தேதி சொல்லாமல் காரியம் முடிக்கும் காலம் ஒன்று தமிழில் தனியாக இருந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். தேதியைச் சொல்லிவிட்டுக் காரியம் முடிக்காத காலத்துக்கு இலக்கணத்தில் ஏற்கெனவே நிறைய உதாரணம் இருக்கிறது.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஓர் அறிஞரின் மதிப்புரை வாங்குவது ஆய்வு நெறி. கையெழுத்துப் பிரதியை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, தாள்களை விரலால் தடவி என்ன ஜி.எஸ்.எம். என்று பார்த்தார். 

“எப்ப வேணும்?”

“வெள்ளிக்கிழமைக்குள்ள அண்ணாச்சி.”

கட்டை மேஜையில் வைத்து, மேலே பேப்பர் வெயிட்டையும் வைத்து, போனை எடுத்துக்கொண்டே சொன்னார்:

“படிச்சாச்சுன்னு வச்சுக்க தம்பி. நல்லா இருந்துச்சு.”